செல்லம் தைக்காத சட்டை

அந்தச் சட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைப் பாப்ளினில் மெல்லிய நீலக் கோடு. மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். அம்மாவின் டப்பாவில் ஒரே மாதிரி ஆறு கிடைக்கவில்லை. துணியை வெட்டித் தைத்தது அம்மா. காஜா எடுத்துப் பொத்தான் வைத்தது நான்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் எங்கள் பள்ளிக்கூட வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இடைவேளை நேரம். நான் காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே கடலை வாங்கிக்கொண்டு வாசலைக் கடந்துகொண்டிருந்தேன். அவருடைய முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. சட்டையைப் பார்த்ததும் கடலையை மெல்ல மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

கையில் நாலாக மடித்த தமிழ்ப் பத்திரிகை. வாசல் காவலாளியிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க நாலாவது வருசத்துல செல்லம்னு ஒரு புள்ள படிக்குதாமே, அதக் கொஞ்சம் கூப்புட முடியுங்களா? நான் அதோட அப்பா.”

‘படிக்குதாமே’ என்றார். பெற்ற மகளைப் பற்றி ஒரு மனிதர் அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் யார் என்று அந்த வாசலில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாரா வாரம் நான் எழுதும் இந்த நினைவுத் தொடர் சிரிக்க வைக்கிறது என்று வாசகர்கள் நீங்கள் எழுதுகிறீர்கள். ஹெட்மாஸ்டரின் குடையைப் பற்றி எழுதியபோது பேருந்திலேயே சிரித்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். சந்தோஷம். இந்த வாரம் மட்டும் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வைக்கிற சரக்கை எல்லாம் முன்னால் கொட்டிவிட்டு இதை மட்டும் ஒளித்துவைத்திருந்தேன். இனியும் ஒளித்தால் நான் நினைவுக் குறிப்பு எழுதுவதற்கே அருகதை இல்லாதவள்.

செல்லம் என்பது அவளுடைய பெயர் இல்லை. ஏன் உண்மைப் பெயரைப் போடவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

பாதி பெஞ்சு

அறுபதுகளின் ஆரம்பம். சிங்கப்பூரில் தமிழிலேயே உயர்நிலைப் படிப்பு என்பது அப்போது புதுசு. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரம். காலையில் மாட்டுச் சாணி வாசனை, அரைத்த மிளகாய் வாசனை, மல்லிகைப்பூ வாசனை என்று மூன்று வாசனையைக் கடந்தால் பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்கும்.

வருஷத்தின் முதல் நாள் எங்கள் பள்ளியில் ஒரு போர் நடக்கும். கதவைத் திறந்ததும் ஓடிப்போய்ப் பெஞ்சு பிடிக்கவேண்டும். பிடித்த பெஞ்சு டிசம்பர்வரை உங்களுடையது. பக்கத்தில் உட்காருகிறவளும் டிசம்பர்வரை உங்களுடையவள். ஆசிரியர்கள்கூட அதில் தலையிட மாட்டார்கள்.

நாலாம் வருஷத்தில் நான் ஜன்னலோரப் பெஞ்சைப் பிடித்து, பாதியில் குடையை நீட்டிப் படுக்கவைத்தேன். மற்றப் பாதி செல்லத்துக்கு. அவள் மார்சிலிங் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, வரவேண்டும். விடியுமுன் கிளம்பி, பச்சை பஸ்ஸில் புக்கிட் தீமா வழியாக வந்து, இறங்கி நடந்து, தலையில் பாதித் தூக்கத்தோடு வந்து சேருவாள்.

“குடைய எடு. உக்காரணும்.”

“ஒரு நன்றி சொல்லக் கூடாதா?”

“டிசம்பர்ல மொத்தமா சொல்றேன் லா.”

அந்த டிசம்பர் வரவில்லை.

பொங்கலுக்கு நாலாம் வருஷத்துப் பிள்ளைகள்தான் பள்ளி முற்றத்தில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கவேண்டும். அது எழுதாத சட்டம். வெல்லமும் நெய்யும் எங்கள் வகுப்பு ஹமீதுடைய அப்பாவின் கடையிலிருந்து வந்தது. ஹமீதே தூக்கிக்கொண்டு வந்து, பொங்கும்வரை எங்களைவிடச் சத்தமாகக் கத்தினான். கிண்டுகிற முறை என்னுடையது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததில் அடி பிடித்துவிட்டது. செல்லம் கருகியதைச் சுரண்டித் தனியாக ஒரு தட்டில் வைத்து, “இது ராஜத்தோட பங்கு” என்று என் முன்னால் வைத்தாள். தின்றேன். வேறு வழி?

விளையாட்டுப் போட்டி நாளில் அவள் சோழர் அணி, நான் பாண்டியர் அணி. கயிறு இழுக்கையில் எதிரெதிரே நின்றோம். கண்ணைப் பார்த்துச் சிரித்தே என்னைத் தோற்கடித்தாள். வாசல் கரும்பலகையில் ஜெயித்த அணியின் பெயரை வண்ணச் சாக்பீஸில் எழுதி ஒரு வாரம் அழிக்காமல் வைப்பார்கள். ஒரு வாரமும் தினமும் என்னை அந்தப் பலகைக்கு முன்னால் இழுத்துப்போய் நிறுத்தினாள் பாவி.

வாரம் ஒரு ரவிக்கை

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

செல்லத்தின் அப்பா ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். தம்பிகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கவேண்டும் என்பதற்காகக் குடும்பத்தை ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் வைத்திருந்தார். சனிக்கிழமை மாலை வருவார், ஞாயிறு மாலை போவார். மகள் விஷயத்தில் அவருடைய தீர்ப்பு ஒரே வரிதான்: பொம்பளைப் பிள்ளைக்கு ஆறாவது போதும்.

அவளுடைய அம்மா ஒரு மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்தார். வாயைத் திறந்து புருஷனை எதிர்த்துப் பேசாதவர். பேசாமலேயே காரியத்தைச் செய்துவிட்டார். மகள் சிராங்கூன் ரோட்டில் தையல் வகுப்புக்குப் போகிறாள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். மூன்று வருஷம் அது ஓடியது.

தையல் வகுப்பு என்றால் தைத்த துணி வேண்டுமே! அங்கேதான் என் அம்மா வருகிறாள். வீட்டில் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். செல்லம் ஒருநாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதபோது அம்மா மிஷினை நிறுத்தாமலேயே சொன்னாள்:

“அழுது என்னாகப் போவுது? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒண்ணு எடுத்துட்டுப் போ. ஒரு தடவ ரவிக்கை, ஒரு தடவ தலகாணி உறை. எடுத்த எடுப்புல நல்லாத் தச்சுத் தரமாட்டேன், மொதல்ல கொஞ்சம் கோணலாத் தச்சுத் தருவேன். போகப் போக நேராக்கிருவேன்.”

சொன்னபடியே செய்தாள். முதல் வருஷம் கோணல். இரண்டாம் வருஷம் பரவாயில்லை. நாலாம் வருஷ ஆரம்பத்தில் அவளுடைய அப்பாவுக்கு அந்த நீலக்கோட்டுச் சட்டை. அதைப் போட்டுப் பார்த்த அன்று அவர் சாப்பிடக்கூட உட்காரவில்லையாம். கம்பத்தில் வீடு வீடாகப் போய், “எம் மக தச்சது” என்று காட்டிவிட்டு வந்தாராம். இதைச் சொல்லும்போது செல்லம் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“பாவமா இருக்கு ராஜம். ஆனா என்ன பண்றது? பரிட்ச எழுதிட்டேன்னு வையி, டீச்சர் டிரெய்னிங் போயிருவேன். மொத சம்பளத்துல அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் குடுத்துட்டு நானே எல்லாத்தையும் சொல்லிருவேன். அதுவரைக்கும் தெரியக்கூடாது.”

“யாரு சொல்லப் போறா?”

“நீதான் பேப்பருக்கு எழுதுறவளாச்சே. எது வேணா எழுது. என் பேர மட்டும் போட்டுராத. என்ன?”

“போடமாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா லா!”

திங்கட்கிழமைப் பக்கம்

தமிழ்ப் பத்திரிகையில் அப்போது திங்கட்கிழமைதோறும் மாணவர் பக்கம் வரும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவர் செய்தி எழுதி அனுப்புவார். எங்கள் பள்ளியில் அந்தப் பதவி எனக்கு. பெரிய நிருபர் என்று எனக்கு நினைப்பு. காதில் பென்சில் செருகிக்கொண்டு அலைவேன்.

அந்தப் பக்கத்தை நடத்தியவர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். போட்டி முடிவு என்றால் முதல், இரண்டு, மூன்று என்று வரிசை விடாமல், அப்பா பெயரை முழுசாகச் சேர்த்து எழுதவேண்டும். தெருவுக்கு நாலு லெட்சுமி, நாலு சரோஜா இருந்த ஊர். அப்பா பெயர் இல்லாவிட்டால் எந்த லெட்சுமி என்று யாருக்கும் தெரியாது. வரிசை விட்டுப்போனால் பட்டியல் குப்பைக்கூடைக்குப் போகும்.

அந்த வருஷம் முதல் தவணையில் செல்லம் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தாள். நான் அந்தப் போட்டியைப் பற்றி ஒரு வரிகூட அனுப்பவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக அன்று எனக்குப் பெருமை. இன்று யோசித்தால், அந்தப் போட்டியில் எனக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

ஜூலை வாக்கில் தமிழ்ப் பள்ளிகளுக்கு இடையே ஒரு கட்டுரைப் போட்டி. எங்கள் பள்ளியிலிருந்து நிறைய பேர் எழுதினோம். செல்லத்துக்கு முதல் பரிசு. இரண்டாம் பரிசு எனக்கு.

எனக்கு! கணக்கில் பாஸாகவே திணறுகிறவளுக்கு. என் பெயர் அச்சில் வரும். ரேஸ் கோர்ஸ் ரோட்டு முடிதிருத்தகத்திலும் காப்பிக் கடையிலும் அதைப் படிப்பார்கள். அப்பாவுடைய நண்பர்கள் அப்பாவை நிறுத்திக் கேட்பார்கள். அந்த ஒரு வரிக்காக எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

முதல் பரிசைப் போடாமல் இரண்டாம் பரிசைப் போட முடியாது. அப்பா பெயரைப் போடாமல் முதல் பரிசைப் போட முடியாது.

இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அவளுடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவர் பேப்பரை எங்கே பார்க்கப்போகிறார்? இந்த ஒரு தடவை போட்டால் வானமா இடிந்து விழும்? பட்டியலை எழுதி, அப்பா பெயர்களை முழுசாகச் சேர்த்து, உறையை ஒட்டித் தபாலில் போட்டேன். செல்லத்திடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்தது. பள்ளி வாசிப்பு மேசையில் கிடந்த பத்திரிகையிலிருந்து அந்தத் தாளை மட்டும் நான் காலையிலேயே உருவி ஒளித்துவிட்டேன், அவள் பார்த்துவிடக் கூடாதே என்று. அதாவது தப்பு என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்து, அம்மாவின் பெரிய கத்தரிக்கோலால் பட்டியலை அழகாக வெட்டி எடுத்தேன்.

“அடியே, துணி வெட்டுற கத்திரில பேப்பரையா வெட்டுன? மொனை போயிரும்டி!” என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

வலிக்கவே இல்லை. என் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் வரியில் இருந்த பெயரை நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

தேக்காவில் வளர்ந்தவளுக்குத் தோட்டத்துப் பழக்கம் தெரியவில்லை. தோட்டக் கடையில் ஒருவர் பேப்பர் வாங்குவார். மாலையில் தோட்டத்து எழுத்தரான கிராணி அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உரக்க வாசிப்பார். படிக்கத் தெரியாதவர்கள்தான் சுற்றி உட்கார்ந்து ஒரு வரி விடாமல் கேட்பார்கள்.

மரத்தடியில்

புதன்கிழமை அவர் வந்து நின்றார்.

செல்லத்தை யாரோ போய்க் கூப்பிட்டுவந்தார்கள். பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையோடு வந்தவள் மரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் வாசல் தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அவர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். சீருடையில் அவளை முதல்முதலாகப் பார்க்கிறார்.

“சாப்பிட்டியாம்மா?” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் பத்திரிகையைப் பிரித்தார். மடித்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். அது தலைகீழாக இருந்தது.

“இதுல எம் பேரு இருக்காம். கிராணி வாசிச்சாரு. கடை நெறைய ஆளு. எல்லாரும் கைதட்டுனாங்க. ஒருத்தரு டீ வாங்கிக் குடுத்தாரு. நானும் சிரிச்சேன். என்னத்துக்குச் சிரிக்கிறேன்னு எனக்கே தெரியல.”



அவர் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்சம் முன்னால் இழுத்தார்.

“அப்ப இத யாரு தச்சா?”

நான் எடுத்த காஜாக்கள் எனக்கு அங்கிருந்தே தெரிந்தன.

“நீ தச்சதுன்னு தோட்டம் பூராச் சொன்னேனேம்மா.”

அவர் கத்தியிருந்தால், கையை ஓங்கியிருந்தால், நான் அவரை வில்லனாக்கி இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“படிக்க வேணாம்னு சொன்னது நான்தான். இல்லங்கல. அதுக்காக நீயும் ஒங்கம்மாளும் சேந்து மூணு வருசமா என்னைய முட்டாளாக்கணுமா? போ. பைய எடுத்துட்டு வா.”

வகுப்பில் யாரும் இல்லை. செல்லம் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிராமலேயே கேட்டாள்.

“நீ அனுப்புனியா?”

ஒரே ஒரு சொல்தான் சொல்லவேண்டியிருந்தது. எனக்குப் பதினேழு வயது. பயம். அதைவிடப் பெரிய பயம், இவள் என்னை வெறுத்துவிடுவாளே என்று.

“நான் இல்ல. இது வெளிப் போட்டியாச்சே, சார்தான் நேரா அனுப்பியிருப்பாரு.”

“சாரா?” என்றாள்.

சார் என்றால் எங்கள் தமிழாசிரியர். அவளுடைய கட்டுரைகளை வகுப்பில் தானே வாசித்துக் காட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் அவள் உயிரையே வைத்திருந்த மனிதர். சார் உட்கார்ந்து கட்டுரை திருத்திக்கொண்டிருந்த அடுத்த அறையைத் தாண்டித்தான் படிக்குப் போகவேண்டும். அந்தக் கதவுப் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள். பெஞ்சில் அவளுடைய பாதியில் ஓர் அழிரப்பர் மட்டும் கிடந்தது.

பெயர்ப் பட்டியல்

மறுநாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பட்டியல் நீதானே அனுப்பினே?”

“ஆமா சார்.”

“அவ வீட்டு விஷயம் ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

நான் தரையைப் பார்த்தேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார்.

“சரி, போ” என்றார்.

அந்தச் சனிக்கிழமை சார் பஸ் ஏறி மார்சிலிங் போனார் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை அவருடைய முகத்தைப் பார்த்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. செல்லம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்காகப் பாதி தைத்துவைத்திருந்த ரவிக்கையை அம்மா பிரித்துத் துணியாக்கி மடித்து வைத்தாள்.

பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு நாலாம் வருஷத்துக்குக் குழுப்படம் எடுப்பார்கள். ஆசிரியர்கள் நாற்காலியில், பெண்கள் இருபக்கமும், பையன்கள் பின்னால் பெஞ்சில் ஏறி நிற்பார்கள். படத்துக்குக் கீழே எல்லாருடைய பெயரும் அச்சாகும். போட்டோக் கடைக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கும் வேலையும் என்னுடையதுதான். என் கையெழுத்து அழகாம்.

எழுதி முடித்துச் சாரிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“அவ பேரையும் எழுது.”

“அவதான் படத்துல இல்லையே சார்.”

“கடைசில ‘படத்தில் இல்லாதவர்’னு போட்டு எழுது. மூணு வருஷம் நம்ம பிள்ளை.”

எழுதினேன். இந்த முறை அப்பா பெயர் கேட்கவில்லை யாரும். படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சட்டம் போடவில்லை. அலமாரியில் சேலைக்கு அடியில் கிடக்கிறது.

நான் பரீட்சை எழுதினேன், பாஸானேன், ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழாசிரியை. சொல்லப்போனால் செல்லம் வாழ நினைத்த வாழ்க்கையை நான் வாழ்ந்தேன்.

உட்லண்ட்ஸ் மார்க்கெட்டுக்குப் பின்னால்

ஐந்தாறு வருஷம் முன்பு என் மகன் உட்லண்ட்ஸில் வீடு வாங்கினான். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன ஒருநாள், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே பெண் குரல் ஒன்று கேட்டது.

“இடுப்ப ரெண்டு இஞ்சு கொறச்சுச் சொல்லிட்டு அப்புறம் எங்கிட்ட வந்து டைட்டா இருக்குன்னா நான் என்ன பண்றது லா?”

ஒரு மலாய்ப் பெண்மணி சிரித்துக்கொண்டே கால்சட்டையை வாங்கிக்கொண்டு போனார். மிஷினுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு செல்லம்.

“ராஜம்!” என்று அவள்தான் முதலில் கத்தினாள். கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். அவள், “ஏ, என்ன இப்ப, எல்லாரும் பாக்குறாங்க” என்று சிரித்தாள்.

அதிலிருந்து எனக்கு ரவிக்கை தைப்பது அவள்தான். கதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னாள். அந்த வருஷக் கடைசியிலேயே ஜொகூர் பாருவில் கல்யாணம். பெண் நன்றாகத் தைப்பாள் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். சொன்னதை மாற்றிச் சொல்ல அவளுடைய அம்மாவுக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாளே மாமியார் ஒரு துணியையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“கத்திரிய எப்படிப் புடிக்கிறதுன்னே தெரியாது ராஜம். ஒங்கம்மா ஒரு நாளாவது என்னை மிஷின்ல உக்கார வச்சிருக்கலாம்ல!”

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்ததுபோல் பண்ணினேன்.

அவளுடைய அப்பா அந்தச் சட்டையைப் பிறகு போடவே இல்லையாம். தூக்கியும் போடவில்லை. அவர் இறந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அடியில் மடித்து இருந்ததாம். பையில் அந்தப் பத்திரிகைத் துண்டு.

ஒருநாள் என் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சாரைப் பற்றிச் சொன்னாள்.

“அவரு வீட்டுக்கு வந்தாரு தெரியுமா? அப்பா நாற்காலியத் தொடச்சுப் போட்டு உக்கார வச்சாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசுனாங்க. கடைசில அப்பா என்னைக் கூப்புட்டாரு. ‘ஏம்மா, பரிட்ச மட்டும் எழுதிட்டு நிறுத்திக்கிறியா? வந்து சாருக்குப் பதில் சொல்லு’ன்னாரு. நான் போகல. உள்ள இருந்துக்கிட்டே, ‘நீங்கதானே பேரப் போட்டீங்க?’ன்னு கேட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், ‘ஆமாம்மா, என் தப்புதான்’னாரு. எனக்கு ஆத்திரம் பொங்கிருச்சு. ‘பேரப் போட்டவரு மூஞ்சில முழிக்க மாட்டேன், எனக்குப் பரிட்சயும் வேணாம் ஒண்ணும் வேணாம்’னு கத்திட்டேன். அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.” பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். “திமிரு. பதினேழு வயசுத் திமிரு. ஆனாலும் அவரு அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது, இல்ல?”

அனுப்பியது நான்தான் என்று அன்றும் சொல்லவில்லை.

சார் எப்போதோ காலமாகிவிட்டார். வேலையில் சேர்ந்தபின் எத்தனையோ கூட்டங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்பார். அவ்வளவுதான். எனக்காக ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு அந்தக் கம்பத்துப் பாதையில் திரும்பி நடந்தவர், அதைப் பற்றி என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் போன பிள்ளைக்கு ஒரு தோழியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

போன மாதம் செல்லம் கேட்டாள்: “வாரா வாரம் யாரப் பத்தியோ எழுதுற. என்னைப் பத்தி எழுதவே மாட்டியா? எழுது. பேரு மட்டும் போடாத. எம் மருமக உரக்கப் படிச்சுக் காட்டுவா, எனக்கு வெக்கமா இருக்கும்.”

செல்லம், உன் பெயரைப் போடவில்லை. இந்த முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன்.

அன்றைக்கு உன் பெயரைப் போட்டது சார் இல்லை. நான். உன் பெயருக்குக் கீழே என் பெயர் வரவேண்டும் என்பதற்காகப் போட்டேன். நீ கேட்டபோது பொய் சொன்னேன். நீ கதவுக்குப் பின்னாலிருந்து கத்தியது என்னைப் பார்த்துக் கத்தியிருக்கவேண்டியது. அதைச் சார் வாங்கிக்கொண்டு போனார்.

இதை உன் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேரில் சொல்லியிருக்கவேண்டும். மூன்று தடவை வாயெடுத்தேன், வரவில்லை. உன் மருமகள் வாசித்து முடித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

என்னுடைய இரண்டு ரவிக்கைத் துணி உன்னிடம் இருக்கிறது. தைக்காவிட்டால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் உட்லண்ட்ஸ் வருவேன். புளோக்குக் கீழே வந்து நிற்பேன். நீ நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பேன்.